ஊரில் முதியோர் சேவை முகாம் நடத்துவது எப்படி: வீடு வீடாகப் பட்டியல் எடுப்பதிலிருந்து கடைசி மனு முடியும் வரை

தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சியிலோ, பேரூராட்சி வார்டிலோ, நகரத்துக் குடியிருப்பிலோ முதியோருக்காக ஒருநாள் முகாம் நடத்த நினைக்கும் இளைஞர் மன்றம், மகளிர் குழு, குடியிருப்போர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் எல்லோருக்குமான வழிகாட்டி இது. பென்ஷன், காப்பீட்டு அட்டை, கண் பரிசோதனை, வங்கி, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ், கூடவே கொஞ்சம் பாட்டு, விளையாட்டு, மரியாதை. முதல் தடவை 150 பேருக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஆயத்தத்துக்கு எட்டு வாரம் வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு வேலை முடிந்து வீடு திரும்ப வேண்டும். முடியவில்லை என்றால் அடுத்து எங்கே, என்றைக்கு, யாரைப் பார்ப்பது என்று எழுதிய அட்டையோடு திரும்ப வேண்டும். எத்தனை ஸ்டால் போட்டோம், யார் வந்து குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

1. முதலில் ஆட்களின் பட்டியல், அப்புறம் மண்டபம்

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். மண்டபம் பிடிப்பார்கள், சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்குவார்கள், பிளெக்ஸ் அடிப்பார்கள், கடைசி வாரத்தில்தான் ஆட்களைத் தேடுவார்கள். அப்படிச் செய்தால் நன்றாக நடமாடக்கூடிய, ஏற்கெனவே எல்லா அட்டையும் வைத்திருக்கும் பெரியவர்கள்தான் வருவார்கள், உண்மையில் தேவைப்படுபவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுவார்.

முகாமுக்கு எட்டு வாரம் முன்பே தெருவுக்கு இரண்டு பேராகப் போய் 60 வயது கடந்தவர்களைப் பட்டியல் எடுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தனியாக இருக்கும் பாட்டிகள் இரண்டு பையன்கள் வந்து நின்றால் கதவைத் திறக்கத் தயங்குவார்கள், திறந்தாலும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், தபால்காரர் மூவரிடமும் கேளுங்கள், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேட்க வேண்டியது நீளமான படிவம் இல்லை. பெயர், தெரு, வயது, வீட்டில் கூட யார், நடக்க முடிகிறதா, காது கண் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த பென்ஷன் வருகிறது, எது நின்றுபோனது, "இப்போ உங்களுக்கு எந்த வேலை நடக்காமல் நிற்கிறது?" இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரம் கொடுங்கள். முதலில் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் வரும். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால்தான் மூன்று மாதமாகப் பணம் வரவில்லை, பாஸ்புக் போட ஆள் இல்லை, கை ரேகை விழவில்லை என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

ஆதார் எண்ணைப் பட்டியலில் எழுத வேண்டாம், போட்டோவும் எடுக்க வேண்டாம். அந்தத் தாள் எங்கே போய்ச் சேரும் என்று உங்களாலேயே உறுதி சொல்ல முடியாது. அட்டை இருக்கிறதா, அதில் வயதும் பெயரும் சரியா, மொபைல் எண் இணைந்திருக்கிறதா, இவ்வளவு குறித்தால் போதும்.

2. பட்டியலைப் பார்த்து மேசைகளை முடிவு செய்யுங்கள்

பட்டியல் கையில் வந்ததும் தேவைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு ஊரில் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொரு ஊரில் அட்டை எல்லோரிடமும் இருக்கும், கண்புரைதான் பெரிய பிரச்சினையாக இருக்கும். யாருக்கும் தேவையில்லாத மேசை ஒன்று போட்டால் அதற்கு ஒரு அதிகாரியை அழைத்து நாள் முழுக்கச் சும்மா உட்கார வைத்ததாகும், அடுத்த வருஷம் அவர் வரமாட்டார்.

வழக்கமாகத் தேவைப்படுபவை இவை. முதியோர் உதவித்தொகைக்கு வருவாய்த்துறை மேசை. 2023-இல் இந்தத் தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது, ஊரில் இன்னும் ஓ.ஏ.பி. என்றுதான் சொல்வார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மேசை. இதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 70 வயது முடிந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் அதை எங்கே, எப்படிப் பதிகிறார்கள் என்று காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முகாமன்று கேட்டால் நேரம் போய்விடும்.

அப்புறம் தபால்துறை மேசை. இது இல்லாமல் முகாமே போடாதீர்கள் என்று சொல்வேன். அஞ்சல் வங்கி ஊழியர் ஒரு கருவியோடு வந்தால் ஆதாரில் மொபைல் எண் இணைப்பதும், பென்ஷன்தாரர்களின் ஜீவன் பிரமாண் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழும் அங்கேயே முடியும். மற்ற மேசைகளில் நிற்கும் பாதி வேலைகள் இந்த மொபைல் எண் இல்லாததால்தான் நிற்கின்றன.

கடைசியாக இரண்டு மேசைகள், புதியவர்கள் மறந்துவிடுபவை: ஜெராக்ஸ் இயந்திரத்தோடு பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர் ஒருவர், மனு எழுதிக் கொடுக்க நல்ல கையெழுத்துள்ள இரண்டு பேர். இவை இல்லாவிட்டால் ஒவ்வொருவரையும் "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று வெளியே அனுப்புவீர்கள், வெயிலில் போனவர் திரும்பி வரமாட்டார்.

3. அலுவலகங்களுக்குக் கடிதம்

முகாமுக்கு ஆறு வாரம் முன்பு கடிதங்கள் போக வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. பிரதிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், மாவட்டச் சமூகநல அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், தலைமை அஞ்சலக அதிகாரி, வங்கிக் கிளை மேலாளர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, காவல் நிலையம். கடிதத்தில் வெறுமனே "கலந்துகொண்டு சிறப்பிக்க" என்று எழுதாமல், "எங்கள் பட்டியலில் உள்ள இத்தனை பேருக்கு உதவித்தொகை விண்ணப்பம், இத்தனை பேருக்கு நின்றுபோன தொகை குறித்த விசாரணை" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். எவ்வளவு வேலை என்று தெரிந்தால்தான் சரியான ஆளைச் சரியான கோப்போடு அனுப்புவார்கள். இல்லையென்றால் யாரோ ஒரு உதவியாளர் வந்து, விவரம் கேட்டால் "ஆபீஸுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கண் முகாம் என்றால் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கும் தெரிவித்து, கண் மருத்துவமனையிடம் தனியாகத் தேதி வாங்க வேண்டும். அவர்களுடைய முகாம் அட்டவணை முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால், கடிதங்களிலேயே முதலில் போக வேண்டியது இதுதான்.

ஊன்றுகோல், வாக்கர், காதுக்கருவி, சக்கர நாற்காலி கேட்டு வருபவர்கள் நிறைய இருப்பார்கள். 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ளவர் தகுதி. ஆனால் முதலில் அளவெடுக்கும் முகாம், பிறகு வேறொரு நாளில்தான் வழங்கும் முகாம். அன்றே கையில் கிடைக்கும் என்று நோட்டீஸில் போட்டுவிடாதீர்கள். நம்பி வந்து வெறுங்கையோடு போகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது.

4. தேதி

அக்டோபர் 1 உலக முதியோர் தினம் என்பதால் எல்லோரும் அதையே பிடிப்பார்கள். மறுநாள் காந்தி ஜெயந்தி, கிராமசபைக் கூட்டம், அந்த வாரம் முழுக்க ஊராட்சி ஊழியர்கள் அதில்தான் இருப்பார்கள். ஒரே நாளில் மாவட்டத்தில் பத்து இடத்தில் விழா நடந்தால் ஒரே மருத்துவர் பத்து இடத்துக்கும் போக முடியாது.

திங்கட்கிழமை வேண்டாம், அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி விடுமுறை. என் பரிந்துரை ஆடி மாதத்தில் ஒரு புதன் அல்லது வியாழன்: கல்யாணம் இல்லாததால் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், சித்திரை வெயிலும் இருக்காது, ஐப்பசி மழையும் இருக்காது. அமாவாசையும் ஊர்க் கோயில் கூழ் ஊற்றும் நாளும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியர்கள் அதிகமுள்ள ஊர் என்றால் கணக்கு வேறு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலிருந்தே தரலாம். பி.எஃப். பென்ஷன்காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அப்படிப்பட்ட ஊரில் நவம்பர் முதல் வாரத்தில் இதற்கென்று மட்டும் ஒரு சின்ன முகாம் தனியாகப் போடுவது நல்லது.

5. இடம்

தரைத்தளம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசலில் மூன்று படி இருந்தாலும் கெட்டியான பலகைச் சரிவும் பிடிமானமும் போட வேண்டும். போய்ப் பார்க்கும்போது முதலில் கழிவறைக்குள் போங்கள்: உட்காரும் கோப்பை இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்க வருமா. கழிவறை சரியில்லை என்று தெரிந்தால் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், மதியத்துக்குள் யாராவது ஒருவருக்குத் தலை சுற்றும்.

நாற்காலிகள் கைப்பிடி உள்ளவையாக இருக்கட்டும், கை ஊன்றித்தான் எழுந்திருக்க முடியும். ஒலிபெருக்கியைக் குறைவாக வையுங்கள். காது மந்தமானவருக்குப் பெரிய சத்தம் உதவாது, எதிரே இருப்பவர் பேசுவதும் கேட்காமல் போகும். காது பரிசோதனைக்கு மூலையில் ஒரு மூடிய அறை வேண்டும்.

மேசை எண்களைக் கையளவு எழுத்தில், கூடவே ஒரு படத்தோடு ஒட்டுங்கள்: கண்ணுக்குக் கண் படம், வங்கிக்கு ரூபாய்த் தாள் படம். எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரையும் கேட்காமல் தானே போய்ச் சேரலாம், அந்தச் சுதந்திரம் அவருக்குப் பெரிது. இணையத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் போட்ட கருவிகள் வையுங்கள், மண்டபத்துக்குள் ஒன்றுக்குச் சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம்.

6. தாள் வேலையை முகாமுக்கு முன்பே முடியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான முகாம்கள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர நாட்கள் ஆகும். முகாமன்று காலையில் விண்ணப்பித்தால் மாலையில் கிடைக்காது. எனவே பட்டியலில் காப்பீடு இல்லாதவர்கள் எல்லோருக்கும் முகாமுக்கு ஐந்து வாரம் முன்பே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்தச் சான்றோடு வந்தால்தான் அன்றே பதிவு நடக்கும்.

ஆதாரில் வயது தப்பாக இருப்பது அடுத்த சிக்கல். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு வெறும் வருஷம் மட்டும், அல்லது ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள், வருஷமும் ஐந்தாறு கூடிக் குறைந்திருக்கும். பார்த்தால் 65 தெரியும், அட்டையில் 57 இருக்கும். உதவித்தொகையும் 70 வயது அட்டையும் ஆதார் வயதை வைத்தே போவதால் அவர் தகுதியே இல்லாதவராகிவிடுவார். இதைத் திருத்த வயதைக் காட்டும் ஆவணம் வேண்டும், முகாமில் நடக்காது. பட்டியல் எடுக்கும்போதே இவர்களைத் தனியாகக் குறித்து, பள்ளிச் சான்றோ வேறு செல்லத்தக்க ஆவணமோ இருக்கிறதா என்று தேடித் தனியாக ஆதார் மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

ஓய்வூதியர்களிடம் பி.பி.ஓ. எண்ணை, அதாவது பென்ஷன் உத்தரவில் உள்ள எண்ணை, தேடி வைக்கச் சொல்லுங்கள். அது டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும், அல்லது மகன் வீட்டில் வேறு ஊரில் இருக்கும். அதில்லாமல் உயிர்வாழ் சான்று பதிய முடியாது.

முகாமுக்கு மூன்று நாள் முன்பு மறுபடி ஒரு சுற்று வீடு வீடாகப் போய் ஒரு துணிப்பை கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், மருந்துச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, கண்ணாடி, ஓ.டி.பி. வரும் போன், எல்லாம் அந்தப் பையில். ஒவ்வொன்றையும் கண் முன்னால் எடுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். "எல்லாம் இருக்கு" என்று வாயால் சொன்னதை நம்பி வந்துவிடாதீர்கள்.

7. தன்னார்வலர்களுக்கு முதல் நாள் பயிற்சி

150 பெரியவர்களுக்கு 30 பேராவது வேண்டும். பத்துப் பேர் மேசைகளில், பத்துப் பேர் கைப்பிடித்துக் கூட்டிப்போக, மீதி வாசல், சாப்பாடு, வண்டி. கல்லூரி நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள் நன்றாகச் செய்வார்கள், ஆனால் முதல் நாள் மாலை மண்டபத்துக்கே வரவழைத்து நடந்து காட்டுங்கள்.

சொல்ல வேண்டியது சில விஷயங்கள்தான். பெரியவர் பெயரைக் கேட்டு "ஐயா", "அம்மா" சேர்த்துக் கூப்பிட வேண்டும். எதிரே, முகம் தெரிய நின்று மெதுவாகப் பேச வேண்டும். கூட வந்த மகளிடம் பேசாமல் அவரிடமே கேட்க வேண்டும். பிடிக்கும்போது அவர் கையை இழுக்கக் கூடாது, நம் கையை நீட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். ஓ.டி.பி. வந்தால் அதை அந்தந்த மேசை ஊழியரிடம் அவரே சொல்ல வேண்டும், தன்னார்வலர் தன் போனில் எழுதிக்கொள்ளவே கூடாது. ஆதார் நகல் ஒவ்வொன்றின் மேலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும், மிச்ச நகல் அவர் பைக்கே திரும்ப வேண்டும்.

8. அன்றைய வரிசை

ஒன்பது மணிக்கு மேசைகள் திறந்திருக்க வேண்டும், விழா ஆரம்பித்த பிறகு இல்லை. சிறப்பு விருந்தினர் வர நேரமானால் பெரியவர்கள் காத்திருக்கக் கூடாது. அவர் வந்ததும் 15 நிமிஷம் வரவேற்பு, அவர் மேசைகளைச் சுற்றிப் பார்க்கட்டும், வேலை நிற்காமல் நடக்கட்டும். இதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

தெருவாரியாக நேரம் கொடுங்கள்: கீழத்தெரு ஒன்பது, மேலத்தெரு பத்தரை என்று. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னால் முதலில் வருபவர் நன்றாக நடக்கத் தெரிந்தவர், கடைசி டோக்கன் வாங்குபவர் வாக்கரில் வருபவர்.

வாசலில் பதிவு மேசை. இங்கே ஆளுக்கொரு பணி அட்டை, கார்பன் வைத்து இரண்டு பிரதி. பட்டியலிலிருந்து அவருடைய வேலைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், போக வேண்டிய மேசை எண்களும். ஒவ்வொரு மேசையிலும் "முடிந்தது" அல்லது "அடுத்து செய்ய வேண்டியது" என்ற கட்டம் நிரப்பப்படும். ஒருவருக்கு மூன்று மேசைக்கு மேல் போடாதீர்கள், நான்காவதற்குள் களைத்துவிடுவார்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை. அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா பார்த்து, ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, அடுத்த படியை வாய்விட்டுப் படித்துச் சொல்லி அனுப்ப வேண்டும். இந்த மேசையில் பொறுமையான ஆளை உட்கார வையுங்கள். இதை விட்டுவிட்டால் யாருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியாது.

9. மருத்துவ மேசைகள்

"வெறும் வயிற்றில் வரவும்" என்று ஒருபோதும் போடாதீர்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து, வரிசையில் நின்று, சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். சாதாரண ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்குப் போதும், சந்தேகமானவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்பலாம்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். நடந்து வந்த வேகத்தில் பார்த்தால் எல்லோருக்கும் அதிகமாகத்தான் காட்டும், வீட்டுக்குப் போய் பயத்தில் தூங்க மாட்டார்கள். கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை மருந்தாளுநர் ஒருவர் பார்க்கட்டும். இரண்டு டாக்டரிடம் காட்டி ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுபவர்கள் உண்டு. எதையும் நிறுத்தச் சொல்லாமல், குறித்துக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கண் மேசையில் ஒரு முக்கியமான விஷயம். புரை அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றே மருத்துவமனை பஸ்ஸில் அழைத்துப் போவது வழக்கம். "வீட்டுக்குப் போய் துணி எடுத்துட்டு வரேன்" என்று போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. பயமும் இருக்கும், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத கவலையும் இருக்கும். ஆகவே பட்டியலில் கண் மங்கலானவர்களுக்கு முதலிலேயே சொல்லி, மாற்றுத் துணி, மாத்திரை, துணைக்கு வருபவர் எல்லாம் ஏற்பாடாகி வரவேண்டும். ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

10. சட்ட உதவி மேசை

இதை மற்ற மேசைகளிலிருந்து தள்ளி, குரல் கேட்காத இடத்தில் போடுங்கள். பலகையில் "சட்ட உதவி" என்று பெரிதாக எழுதினால் யாரும் வரமாட்டார்கள், மகன் பார்த்துவிடுவானோ என்ற பயம். "ஆலோசனை" என்று எழுதினால் போதும். கூட வந்த குடும்பத்தாரை அந்த நேரத்தில் ஒரு தன்னார்வலர் காபி குடிக்க அழைத்துப் போகட்டும்.

ஆலோசகர் சொல்ல வேண்டியவை: 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகள் பராமரிக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய், 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினரிடமும் பராமரிப்பு கேட்கலாம்.

தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள்தான் மனதை உடைப்பவர்கள். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் வழக்கு கடினமாகிவிடுகிறது. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், பத்திரம் எழுதும் முன் ஒரு வரி சேர்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றே மனுவில் கையெழுத்து வாங்க அவசரப்படாதீர்கள். மனு போட்டுவிட்டு அதே வீட்டுக்குத்தான் அவர் இரவு திரும்ப வேண்டும். அடி, பட்டினி என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் சமூகநல அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் அன்றே சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. சட்டப்பணிகள் எண் 15100. இரண்டையும் பணி அட்டையின் பின்பக்கம் பெரிதாக அச்சடியுங்கள்.

11. வங்கி, போன், மோசடி

வங்கி மேசையில் மூன்று வேலைகள்: வாரிசு நியமனம் இருக்கிறதா பார்ப்பது, நின்றுபோன கணக்கை உயிர்ப்பிப்பது, வீட்டுக்கே வந்து சேவை தரக் கேட்பது. 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டு வாசலில் அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் கேட்டால்தான் செய்வார்கள்.

போன் மேசையில் பாடம் நடத்த வேண்டாம். அவர் போனிலேயே எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், மகள் எண்ணை முதல் பட்டனில் வையுங்கள், 1930 என்ற சைபர் குற்ற எண்ணைச் சேமியுங்கள். வீடியோ காலில் போலீஸ் யாரையும் கைது செய்யாது என்பதை ஒரு காவலர் சீருடையில் வந்து நேரில் சொன்னால் மனதில் பதியும்.

ஸ்பான்சர் விஷயத்தில் கறாராக இருங்கள். காப்பீட்டு பாலிசி விற்பவர், சீட்டு சேர்ப்பவர், மனை விற்பவர், மூட்டுவலித் தைலம், சத்துமாவு, "இலவசக் காது பரிசோதனை" என்று வந்து கருவி விற்பவர், யாருக்கும் மேசை கொடுக்காதீர்கள். நீங்கள் கூப்பிட்ட இடத்தில் இருப்பதால் பெரியவர்கள் அவர்களை நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். ஐயாயிரம் ரூபாய் பேனர் செலவுக்காக அந்த நம்பிக்கையை விற்கக் கூடாது.

12. சாப்பாடும் கொண்டாட்டமும்

பத்தரைக்குச் சுண்டலும் மோரும், சர்க்கரை இல்லாத காபி தனியாக, மதியம் குழைந்த சாதம், காரம் குறைந்த குழம்பு, மென்மையான காய். உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பந்திக்கு வரிசை கட்ட விடாதீர்கள்.

மண்டபத்தின் ஒரு பக்கம் பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பரப்பி வையுங்கள். காத்திருக்கும் நேரம் அதில் போகும், காத்திருப்பதே தெரியாது. மைக்கைப் பேச்சாளர்களைவிட அவர்களிடம் அதிக நேரம் கொடுங்கள்: நடவுப் பாட்டு, தாலாட்டு, ஊர்க் குளம் வெட்டிய கதை. பேரப்பிள்ளைகளை வரவழைத்துக் கேட்க வையுங்கள், பள்ளியில் சொன்னால் மாணவர்களை அனுப்புவார்கள்.

மூத்தவர்களுக்குச் சால்வை போடுவதென்றால் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கே போய்ப் போடுங்கள். மேடைக்கு ஏற்றி, போட்டோவுக்காக நிற்க வைத்து, இன்னொரு தடவை திரும்பச் சொல்லி என்று படுத்தாதீர்கள். சால்வைக்குப் பதில் நல்ல டார்ச் லைட்டோ வழுக்காத செருப்போ கொடுத்தால் தினமும் பயன்படும்.

13. வர முடியாதவர்கள்

படுக்கையில் இருப்பவர்கள் பெயரைத் தனிப் பட்டியலாக எடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. தபால் ஊழியரை மதியத்துக்கு மேல் இரண்டு மூன்று வீட்டுக்கு அழைத்துப் போய் உயிர்வாழ் சான்று முடித்துவிடலாம், விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தை வைத்தே பதியும் வசதி இருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றும் கூடப் போகட்டும். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மருமகளுக்கோ இரண்டு மணி நேரம் ஆள் மாற்றி உட்கார்ந்தால், அவர்களும் முகாமுக்கு வந்து தங்கள் கண்ணைக் காட்டிக்கொண்டு போக முடியும்.

14. அடுத்த ஆறு வாரம்

மறுநாளே கார்பன் பிரதிகளை இரண்டாகப் பிரியுங்கள்: முடிந்தவை, முடியாதவை. முடியாதவற்றைத் தன்னார்வலர்களுக்கு ஆளுக்கு ஐந்து அட்டை என்று பிரித்துக் கொடுங்கள், பத்துக்கு மேல் ஒருவரால் தொடர முடியாது. விண்ணப்ப எண்ணை எழுதி வைத்து வாரம் ஒருமுறை இணையத்தில் நிலை பாருங்கள். உதவித்தொகை மனு தள்ளுபடியானால் காரணம் அதில் இருக்கும், பெரும்பாலும் ஒரு சான்றுதான் குறைந்திருக்கும், அதைச் சேர்த்து மறுபடி போடலாம்.

கண் அறுவை செய்துகொண்டவர்களை மறுபரிசோதனைத் தேதியில் அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு. சொட்டு மருந்து ஊற்ற வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஊர் திரும்பிய அன்றே போய்ப் பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

ஆறாவது வாரம் இன்னும் நிற்கும் மனுக்களை ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு தாளில் பெயர், விண்ணப்ப எண், என்ன தடை என்று எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். சம்பந்தப்பட்ட பெரியவர்களில் நடக்க முடிந்த இரண்டு பேரையாவது கூட அழைத்துப் போங்கள், தங்கள் மனுவைப் பற்றி அவர்களே பேசட்டும்.